நேர்த்திக்கடன் யார் கணக்கில்? மலையகத்து இந்துக் குடும்பத்தில் ஐயநிலையும் தன்னை நம்புதலும்

இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டமொன்றில் கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்ட ஒருவரைப் பற்றிப் பேச, ஊரிடம் இரண்டு விளக்கங்கள் எப்போதும் தயாராக இருக்கும். அவர் வாய் திறந்து வாதிடுகிறவரானால் ‘நாத்திகம் பேசுகிறார்’ என்பார்கள். வாதிடாமல் ஒதுங்கி இருப்பவரானால் ‘வேதத்துக்குப் போய்விட்டார் போலிருக்கிறது’ என்பார்கள், கிறிஸ்தவராகிவிட்டார் என்று பொருள். தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களுக்குள்ளேயே ஜெபக்கூட்டங்கள் நடக்கும் தோட்டங்களில் இரண்டாவது விளக்கமே முந்திக்கொள்கிறது, ஏனெனில் இங்கே கும்பிடாதவர் வேறெங்கோ கும்பிடுகிறார் என்று நினைப்பதுதான் எளிது. சாமி இருக்கிறதா இல்லையா என்பது தமக்குத் தெரியாது, தெரிந்ததுபோல் காட்டிக்கொள்ள மனமில்லை, தெரியாதென்பதற்காக வேறொரு சபையைத் தேடவும் இல்லை என்று ஒருவர் சொன்னால், அவரை வைப்பதற்கு ஊரின் பேச்சில் இடமில்லை. வீட்டிலும் இல்லை. ‘தெரியாதுன்னா கோயிலுக்கு வந்து தெரிஞ்சுக்க’ என்று என் பெரியம்மா ஒருமுறை சொன்னார்; அதற்கு இன்றுவரை என்னிடம் நல்ல பதில் கிடையாது.

ஆங்கிலத்தில் இந்த நிலைக்கு ‘அக்னொஸ்டிக்’ என்று பெயர் சூட்டியவர் தாமஸ் ஹக்ஸ்லி என்ற உயிரியலாளர், ஆண்டு 1869. தமிழ் நூல்களில் அதை அறியொணாமைவாதம் என்று எழுதுகிறார்கள். காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் நின்று அந்தச் சொல்லை உச்சரித்துப் பார்க்க யாருக்கும் துணிவு வராது என்பதால், இக்கட்டுரை ‘ஐயநிலை’ என்ற எளிய சொல்லோடு நிறுத்திக்கொள்கிறது. அதே 1869 இல்தான் மடுல்சீமைப் பகுதியின் கோப்பிச் செடிகளில் இலைத்துரு நோய் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. இரண்டுக்கும் தொடர்பு ஏதுமில்லை. ஆனாலும் கோப்பியை அழித்துத் தேயிலைக்கு வழிவிட்டு நம் பாட்டன் பூட்டன்களின் வாழ்க்கையைத் திசைமாற்றிய நோய் அது என்பதால், மலையகத்தவருக்கு அந்த ஆண்டை நினைவில் வைத்துக்கொள்வது எளிது. ஹக்ஸ்லி சொன்னதன் சாரத்தை ஒரு நடைமுறை என்றே கொள்ள வேண்டும்: சான்று எவ்வளவு தூரம் அழைத்துச் செல்கிறதோ அவ்வளவு தூரம் போவது, அதற்கப்பாலும் போய்வந்ததாகச் சொல்லிக்கொள்ளாமல் இருப்பது. நாத்திகர் ‘இல்லை’ என்று விடை எழுதுகிறார். ஐயநிலையாளர் விடைக்குரிய இடத்தை வெறுமனே விட்டுவிடுகிறார், விட்டதை மறைப்பதுமில்லை.

இவ்வளவு எளிய ஒன்று மலையகத்தில் ஏன் இத்தனை கடினமாகிறது என்பதை விளங்கிக்கொள்ள, இந்த மலைகளுக்குச் சாமி எப்படி வந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். 1820 களில் கம்பளைப் பக்கத்தில் தொடங்கிய கோப்பித் தோட்டங்களுக்காகத் திருச்சி, மதுரை, சேலம், புதுக்கோட்டை, இராமநாதபுரம் பகுதிகளிலிருந்து அழைத்து வரப்பட்டவர்கள், மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். வாந்திபேதியும் அம்மையும் காய்ச்சலும் வழியெங்கும் ஆட்களைக் கொண்டுபோயின. அந்த நடையை நினைவுகூர்ந்துதான் 2023 இல், வருகையின் இருநூறாம் ஆண்டையொட்டி, தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை மக்கள் மறுபடியும் நடந்தார்கள். நடை முடியும் மாத்தளையில் முத்துமாரியம்மன் கோயில் நிற்கிறது. நோய்க்குப் பெயரே அம்மை. வைத்தியர் இல்லாத வழியில் வேப்பிலையும் மஞ்சள் தண்ணீரும் அம்மன் பெயருமே வைத்தியம். பெரியம்மை உலகிலிருந்து ஒழிந்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் 1980 இல் அறிவித்தது. மாத்தளையில் மாசி மகத் தேர் அதற்குப் பிறகும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. பயத்தில் பிறந்ததுதான் பக்தி என்று ஒரே வரியில் சொல்லி முடித்துவிடும் நண்பர்களுக்கு நான் இதைத்தான் எடுத்துக்காட்டுவேன். பயம் போன பிறகும் அம்மன் போகவில்லை, ஏனெனில் இடையில் அவளுக்கு வேறு வேலைகள் வந்து சேர்ந்துவிட்டன.

அந்த வேலைகளில் ஒன்று, நாடற்றவர்களுக்கு முகவரியாக இருந்தது. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் தோட்ட மக்களில் மிகப் பெரும்பாலோரை எந்த நாட்டுக்கும் உரியவராக இல்லாமல் ஆக்கியது. 1964 ஒக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையொப்பமிட்ட ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டு, எஞ்சிய 150,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைத்தது. நாடற்றோர் பிரச்சினைக்குச் சட்டத்தில் முடிவு காணப்பட்டது 2003 இல்தான். இந்த நெடுங்காலம் முழுவதும் தோட்டத்தை நடத்திய துரையின் அலுவலகம், தபாற்கந்தோர், வாக்குச்சாவடி என எங்கு போனாலும் ‘நீ யார்’ என்ற கேள்வி முன்னால் நிற்க, தோட்டத்துக் கோயில் ஒன்றுதான் யாருடைய பிரசாவுரிமைச் சான்றையும் கேட்காமல் திருநீறு கொடுத்தது. அப்படிப்பட்ட இடத்தை நோக்கிப் பேரப்பிள்ளை ஒருவர் ‘எனக்கு நிச்சயமில்லை’ என்று சொல்லும்போது, பாட்டியின் காதில் அது இறைமறுப்பாக விழுவதில்லை. தன்னைக் கைவிடாத ஒரே வீட்டைப் பேரன் கைவிடுவதாகவே விழுகிறது.

பெரிய கோபுரங்கள் எழுவதற்கு முன்பு மலைகளில் இருந்த சாமிகள் இன்னும் நெருக்கமானவை. தேயிலைச் செடியைக் கத்தரிக்கும் கவ்வாத்து வெட்டத் தொடங்கும் முன் கத்திகளை வைத்துக் கும்பிட்ட கவ்வாத்துச் சாமி, தொழிற்சாலையில் சுழலும் பெருஞ்சக்கரத்தின் பக்கத்தில் இருந்த ரோதமுனி, கொழுந்து மலைக்குக் காவலான முனியாண்டி என்று, வேலைக்கும் ஆபத்துக்கும் ஏற்றபடி ஒவ்வொரு சாமி இருந்தது. கவ்வாத்துக் கத்தி வழுக்கினால் முழங்கால் போகும். சக்கரத்தின் பட்டியில் துணி சிக்கினால் ஆளே போவார். கையுறையும் காப்பு வேலியும் இல்லாத காலத்தில், வேலைக்கு முன் எல்லோரும் ஒரு நிமிடம் நின்று கத்தியைப் பார்த்துக் கும்பிட்டதில் பாதுகாப்பு ஏற்பாடு ஒன்றும் கலந்திருந்தது என்றே நான் நினைக்கிறேன். மனிதர் தம் தொழிலிலிருந்தும் அச்சத்திலிருந்தும் தெய்வத்தை உருவாக்கிக்கொள்கிறார்கள் என்பதற்கு ரோதமுனியைவிடச் சிறந்த சான்று கிடைப்பது அரிது. இயந்திரம் வருவதற்கு முன் அந்த முனி எங்கே இருந்தார் என்று கேட்டால் போதும். ஆனால் நம்புகிறவரிடமும் பதில் உண்டு: ‘முனி எப்பவும் இருக்கார், சக்கரம் வந்தப்போ சக்கரத்துக்கிட்ட வந்து நின்னார்.’ இந்த இரண்டு கூற்றுகளில் ஒன்றை மெய்யென்று காட்டிவிடக்கூடிய சோதனை எதுவும் இல்லை. ஐயநிலை தொடங்கும் இடம் இதுதான்.

கோயிலின் உள்விவகாரம் இவ்வளவு இதமானதாக இருந்ததில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆட்களைத் திரட்டி வந்து மேற்பார்த்த பெரிய கங்காணிகள் காலத்தில் முதல் மரியாதை அவர்களுக்குத்தான். பரிவட்டம் யார் தலையில், தேர் எந்த லயத்து வாசலில் முதலில் நிற்கும், தப்படிப்பவர்கள் எந்தப் படிக்கு வெளியே நிற்பார்கள் என்பதெல்லாம் இந்தியாவிலிருந்து மூட்டையோடு வந்த சாதி ஒழுங்கின்படியே நடந்தன. கங்காணி போய்த் தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர் வந்த பிறகும் சில மரியாதைகள் கைமாறினவேயொழியக் கலையவில்லை. எனக்குத் தெரிந்த ஐயநிலையாளர்களில் பெரும்பாலோர் தத்துவம் படித்து அங்கே வந்துசேர்ந்தவர்கள் அல்லர். பதினைந்து வயதில் தப்பின் ஓசைக்கு ஆடிவிட்டு, தப்படித்தவருக்கு வேறு இடத்தில் இலை போடப்படுவதைப் பார்த்தவர்கள். திருவிழா வரியையும் இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும். ஒரு பேருக்கு இவ்வளவு என்று விதித்து, பல தோட்டங்களில் சம்பளத்திலேயே பிடித்துக்கொள்ளும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. நம்பாதவர் வரி கட்ட வேண்டுமா என்று என்னைக் கேட்டால், கட்டலாம் என்பேன்; அந்தப் பணத்தில் காமன்கூத்துக்கு விளக்கெரிகிறது, அன்னதானத்துக்கு அரிசி வருகிறது. வரிக்கணக்கை எல்லோர் முன்னிலையிலும் வாசிக்கச் சொல்லிக் கேட்கும் உரிமையும் கட்டியவருக்குத்தான் உண்டு.

குடும்பத்துக்குள் வாதம் வரும்போது பெரியவர்கள் அடிக்கடி எடுக்கும் ஆயுதம், ‘நம்ம சமயத்திலே இப்படியொரு பேச்சே கிடையாது’ என்பது. அது சரியில்லை. உலகம் எதிலிருந்து தோன்றியது என்று கேட்டு, மேலிருந்து காண்பவனுக்கு அது தெரியக்கூடும், அவனுக்கும் தெரியாமலிருக்கக்கூடும் என்று முடிகிற பாடல் இருக்கு வேதத்தின் பத்தாம் மண்டலத்திலேயே இருக்கிறது. புத்தர் காலத்தில் வாழ்ந்த சஞ்சயர் என்ற ஆசிரியர், மறுமை உண்டா என்று கேட்டால் உண்டு என்றும் சொல்லமாட்டார், இல்லை என்றும் சொல்லமாட்டார். பௌத்த நூல்கள் அவரைக் கேலி செய்தே நமக்கு அறிமுகப்படுத்துகின்றன. பதினோராம் வகுப்பு முடிவில் எழுதும் சாதாரண தரப் பரீட்சையில் சமயம் கட்டாயப் பாடம் என்பதால் தோட்டத்து இந்துப் பிள்ளைகள் எல்லோரும் படிக்கும் சைவநெறியின் வேர் நூல்களுக்குள்ளேயே, நம்புவதற்கு முன் எதைக்கொண்டு அறிவது என்ற விசாரணை நடக்கிறது. சைவ சித்தாந்தம் அறிவதற்கான வாயில்களை அளவை என்று பெயரிட்டு, காட்சி, கருதல், உரை என்று மூன்றில் அடக்குகிறது. கண்ணால் காண்பது, கண்டதைக்கொண்டு ஊகிப்பது, இறைநூல் சொல்வதை ஏற்பது என்று அவற்றைச் சொல்லலாம். ஐயநிலையாளர் முதல் இரண்டையும் ஏற்று மூன்றாவதன் வாசலில் நின்றுவிடுகிறார் என்று சொன்னால், சைவப் பெரியவர் ஒருவரோடு அவருடைய மொழியிலேயே பேச முடியும். நான் பேசிப் பார்த்திருக்கிறேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை, ஆனால் கோபப்படவும் இல்லை, தேநீர் வரவழைத்தார்.

இன்னொரு வகை வாதம் மலையகத்துக்கு வெளியிலிருந்து வந்தது. பெரியார் 1932 இல் ஐரோப்பாவிலிருந்து திரும்பும் வழியில் இலங்கையில் தங்கிப் பேசினார். பின்னர் இளஞ்செழியன் முதலானோரின் இலங்கைத் திராவிட முன்னேற்றக் கழகம் தோட்டங்களில் சாதி எதிர்ப்பையும் பகுத்தறிவையும் கொண்டுசென்றது. கேரளத்துத் திருவல்லாவில் பிறந்து 1928 இல் இங்கே ஆசிரியராக வந்த பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூர், அற்புத சக்தியைச் சோதனையில் மெய்ப்பித்துக் காட்டுகிறவருக்கு ஓர் இலட்சம் ரூபாய் தருவதாக 1963 இல் அறைகூவினார்; 1978 இல் அவர் இறக்கும்வரை அப்பணத்தை யாரும் வெல்லவில்லை. ஐயநிலையாளருக்கும் கோவூருக்கும் உள்ள உறவைத் தெளிவாக வைத்துக்கொள்வது நல்லது. கோடாங்கி குறி சொல்வது பலிக்கிறதா, மந்திரித்த தண்ணீரில் பிள்ளையின் காய்ச்சல் இறங்குகிறதா, செய்வினைத் தகடு பக்கத்து லயத்துக்காரர் புதைத்ததுதானா என்பவை சோதிக்கக்கூடிய கேள்விகள். இவற்றில் ஐயநிலையாளர் கோவூரைப் போலவே கறாராக இருக்க வேண்டும், பிள்ளைக்குக் காய்ச்சலென்றால் முதலில் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். சோதிக்கவே முடியாத கேள்வியில் மட்டுமே ‘தெரியாது’ என்பதற்கு மதிப்பு உண்டு. எல்லாவற்றுக்கும் ‘தெரியாது’ என்று தோளைக் குலுக்குகிறவர் சோம்பேறி. அவருக்கு ஐயநிலையாளர் என்ற பெயரைக் கொடுக்கக் கூடாது.

சிவனொளிபாத மலையைப் பற்றி ஒரு வார்த்தை. 2,243 மீற்றர் உயரத்தில் ஒரு பாறைமேல் இருக்கும் ஒரே சுவட்டைச் சைவர் சிவனடி என்கிறார்கள், பௌத்தர் புத்தரின் பாதம் என்கிறார்கள், முஸ்லிம்கள் ஆதமின் பாதம் என்கிறார்கள், கிறிஸ்தவரில் சிலர் புனித தோமையாருடையது என்கிறார்கள். டிசம்பர்ப் பௌர்ணமிக்குப் பின் நல்லதண்ணியிலிருந்து ஏறும் கூட்டத்தில் இவர்கள் எல்லோரும் ஒரே படிகளில், ஒரே குளிரில், ஒரே மூச்சுவாங்கலோடு ஏறுகிறார்கள். யாருடைய பாதம் என்று முடிவு செய்யாமல் ஏறுகிறவர்களும் உண்டு. நான் இருமுறை ஏறியிருக்கிறேன்.

இனி, ‘தன்னை நம்புதல்’ என்ற சொல்லுக்கு வருவோம். நம்பிக்கையை விட்டவர் தன்னை நம்புகிறார் என்பது பொதுவாகச் சொல்லப்படுவது. அதைச் சொல்வதில் ஒரு பெருமிதமும் இருக்கிறது. எனக்கு அந்தப் பெருமிதம் பதினாறு வயதில் முழுமையாக இருந்தது. நான் சாதாரண தரப் பரீட்சையில் சித்தியடைந்தால் தீச்சட்டி எடுப்பதாக அம்மா மாரியம்மனுக்கு நேர்ந்திருந்தார். பெறுபேறு வந்தது, அம்மாவும் தீச்சட்டி எடுத்தார். எனக்கு அடங்காத கோபம். குப்பி விளக்கில் கண்ணெரியப் படித்தவன் நான், கணக்கில் அம்மன் பெயரா என்று அவரோடு நான்கு நாள் பேசவில்லை. சாமி உண்டா இல்லையா என்பதில் அப்போதே எனக்கு ஐயம் இருந்தது. ஆனால் அந்தத் தேர்ச்சி என்னுடைய உழைப்பால் மட்டுமே வந்தது என்பதில் எந்த ஐயமும் இருக்கவில்லை. சான்றை எடைபோடுவதாகச் சொல்லிக்கொண்ட நான், எடைபோடவே இல்லாத கூற்று அதுதான்.

எடைபோட்டுப் பார்க்கப் பல ஆண்டுகள் பிடித்தன. எனக்கு அப்பியாசக் கொப்பி வாங்கிய பணம், ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா கிலோக் கணக்கில் காசுக்கு எடுத்த கைக்காசுக் கொழுந்தில் வந்தது. கணிதம் புரிந்ததற்குக் காரணம், மாலையில் ஒரு சதமும் வாங்காமல் வகுப்பு வைத்த ஆசிரியர். பரீட்சைக் காலத்தில் வீட்டில் சோற்றுக்குக் குறைவில்லாமல் இருந்தது, எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டுக் கொழும்பில் ஒரு வீட்டுக்கு வேலைக்குப் போன என் அக்கா அனுப்பிய பணத்தில். அக்காவுக்கு என்னைவிடக் கணிதம் நன்றாக வரும். அம்மா அந்த வெற்றியை அம்மன் கணக்கில் எழுதினார், நான் என் கணக்கில் எழுதினேன். இரண்டு பதிவிலும் அக்காவின் பெயர் இல்லை. நேர்த்திக்கடன் என்ற சொல்லில் கடன் என்பது மெய்யானது என்று இப்போது நினைக்கிறேன். சாமியை அந்தக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டால் கடன் தீர்ந்துபோவதில்லை. யார் யாருக்குப் பட்டிருக்கிறோம் என்று பெயர் பெயராக எழுத வேண்டிய வேலை அப்போதுதான் தொடங்குகிறது. தன்னை நம்புதல் என்பதற்கு மலையகத்தில் நேர்மையான பொருள் ஒன்று இருக்குமானால், அது இந்தக் கணக்கெழுத்தைத் தானே செய்வதுதான். எல்லாவற்றையும் தன் பெயரில் எழுதிக்கொள்வது அந்தப் பொருளில் அடங்காது.

தன்னம்பிக்கை பேசும் மேடைகளில் தவறாமல் வரும் குறள், தெய்வத்தால் ஆகாதெனினும் முயற்சி தன் ‘மெய்வருத்தக் கூலி தரும்’ என்பது. ஐயநிலையாளருக்கு இதைவிட இசைவான வரி கிடைக்காது என்று தோன்றும். ஆனால் கூலி என்ற சொல்லாலேயே இரண்டு நூற்றாண்டுகளாக அழைக்கப்பட்டவர்கள் நடுவில் அதைச் சொல்லும்போது கொஞ்சம் தயங்க வேண்டும். மடுவத்தில் கொழுந்தை நிறுக்கும்போது கூடைக்கும் ஈரத்துக்கும் என்று சில கிலோ கழிகிறது. தோட்டம் குறித்த கிலோவுக்குக் குறைந்தால் முழு நாள் மெய்வருத்தமும் அரைப்பேராக, அதாவது அரைநாள் வேலையாக, எழுதப்படுகிறது. நாளொன்றுக்கு ஆயிரம் ரூபாய் என்ற கோரிக்கை பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பின் 2021 இல்தான் வர்த்தமானியில் ஏறியது. மெய்வருத்தம் கூலி தருவது தானாக நடப்பதில்லை. நிறுப்பவர், எழுதுபவர், நிர்ணயிப்பவர் என்று இடையில் மனிதர் நிற்கிறார்கள். வள்ளுவர் விதியின் கையிலிருந்து விடுவித்த கூலியை அவர்கள் கையிலிருந்தும் விடுவிக்க வேண்டியிருக்கிறது. அது ஒருவருடைய தனி முயற்சியால் என்றும் நடந்ததில்லை. தோட்டத்துப் பையனிடம் ‘உன்னை மட்டும் நம்பு’ என்று சொல்வது, சில சமயம் சங்கத்தை நம்பாதே, பக்கத்து லயத்தை நம்பாதே என்று சொல்வதாகவும் முடிந்துவிடும். அப்படிச் சொல்வதில் யாருக்கு இலாபம் என்பது அனைவருக்கும் தெரிந்ததே.

சாமியின் பெயரில் எழுதப்படுவது நன்றி மட்டுமில்லை, பழியும் உண்டு. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லாந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களைப் புதைத்தது. இதெல்லாம் விதி என்றார்கள் சிலர். சாமி எங்கே போயிருந்தது என்று கேட்டார்கள் சிலர். தேசியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அந்த இடம் ஆபத்தானதென்று பல ஆண்டுகளுக்கு முன்பே எச்சரித்திருந்தது. அந்த எச்சரிக்கையை அறிந்தும் மக்களுக்கு வேறிடம் கொடுக்காமல் விட்டது யார் என்ற கேள்விக்கு, முந்தைய இரண்டு பேச்சுகளிலும் இடமில்லாமல் போனது. கடவுளின் மனத்தில் என்ன இருந்தது என்பது தெரியாது என்று ஒப்புக்கொள்கிறவர், தெரிந்துகொள்ளக்கூடிய கேள்விகளுக்குத் திரும்பி வர வேண்டிய கட்டாயத்தில் இருக்கிறார்: கடிதம் எந்தத் தேதியில் வந்தது, யார் மேசையில் கிடந்தது. ஐயநிலையால் மலையகத்துக்கு ஒரு பயன் உண்டென்றால் அதை இந்த இடத்தில்தான் நான் தேடுவேன்.

இதுவரை எழுதியதெல்லாம் ஆண் ஒருவர் எழுதியது. அதற்குரிய சலுகை இதில் இருக்கிறது. கோயிலுக்குப் போகாத மகனைத் ‘திருந்துவான்’ என்று விட்டுவிடும் குடும்பம், விளக்கேற்றாத மருமகளை அப்படி விடாது. வெள்ளிக்கிழமை வீட்டைக் கழுவி விடுவது, விரதம் பிடிப்பது, பிள்ளைக்குத் திருநீறு பூசி அனுப்புவது எல்லாம் அவர் கைவேலை என்பதால், அவருடைய ஐயம் நாள்தோறும் எல்லோர் கண்ணிலும் படும். பத்தடிக்குப் பன்னிரண்டடி லயத்து அறையான காம்பரா ஒன்றில், சாமி மாடத்துக்கும் படுக்கும் பாய்க்கும் நடுவே ஆறடி இடைவெளிகூட இல்லாதபோது, ஒதுங்கி இருப்பதற்கென்று ஒரு மூலை கிடையாது. தீட்டு நாட்களில் அவர் மாடத்துப் பக்கம் போகக் கூடாது. அதே நாட்களில் மழையில் நனைந்து கொழுந்து பறிக்கப் போகலாம், போயாக வேண்டும். மலையில் இல்லாத தீட்டு வீட்டில் எங்கிருந்து வந்தது என்று என் அக்கா கேட்டதைப்போல இந்த விஷயத்தைச் சுருக்கமாகக் கேட்டவர் யாரையும் எனக்குத் தெரியாது. தன்னை நம்புதல் என்பது பெண்களுக்கு இன்னும் அடிப்படையான இடத்தில் தொடங்குகிறது: மனைவி உழைத்த சம்பளத்தைக் கணவர் போய் வாங்கிவரும் வழக்கம் பல தோட்டங்களில் நெடுங்காலம் இருந்தது. சாமியைப் பற்றிய தீர்ப்புக்கு முன்னால், தன் பெயரில் வரும் பணம் தன் கையில் வருவது.

சட்டத்தின் நிலையைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1978 அரசியலமைப்பின் 9 ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் தருகிறது. 10 ஆம் உறுப்புரை ஒவ்வொருவருக்கும் சிந்தனை, மனச்சாட்சி, மதச் சுதந்திரத்தைத் தருகிறது, மதமொன்றை அல்லது நம்பிக்கையைத் தன் விருப்பப்படி கொள்ளும் உரிமையும் அதில் அடங்கும். பொதுத் திருமணப் பதிவுச் சட்டத்தின்படி பதிவாளர் முன்னிலையில் கையொப்பமிட்டால் திருமணம் முழுமையாகச் செல்லும். தாலியும் குருக்களும் சட்டத்துக்குத் தேவையில்லை. ஆனால் குடிசன மதிப்பீட்டின் வெளியிடப்பட்ட அட்டவணைகளில் பௌத்தர், இந்து, இஸ்லாமியர், கத்தோலிக்கர், ஏனைய கிறிஸ்தவர், ஏனையோர் என்ற வரிசைகளே உண்டு. மதமில்லை என்பதற்கோ தெரியாது என்பதற்கோ தனி வரிசை இல்லை. நுவரெலியா மாவட்டத்தில் பாதிப்பேர் இந்துக்கள் என்று 2012 கணக்கு சொல்கிறது. அந்தப் பாதியில் நானும் ஒருவன். கணக்கெடுப்பவர் வந்தபோது வீட்டின் முன்திண்ணையான இஸ்தோப்பில் நின்று பதில் சொன்னவர் அம்மா.

மரணம் வரும்போதுதான் இவை அனைத்தும் ஒரே நாளில் கேட்கப்படும். அப்பா இறந்தபோது, மூத்த மகன் என்ற முறையில் நீர்மாலை எடுப்பதிலிருந்து மொட்டை வரை எல்லாம் என்மேல் வந்தது. நம்பாதவன் செய்வது பொய்யாகாதா என்று நானே என்னைக் கேட்டுக்கொண்டேன். சங்கப் புலவர் உறையூர் ஏணிச்சேரி முடமோசியார், ஆய் என்ற வள்ளலைப் பாடும்போது, இம்மையில் செய்வது மறுமைக்கு ஆகும் என்று பார்த்துக் கொடுக்கும் ‘அறவிலை வணிகன்’ அவன் அல்லன் என்கிறார். மறுமையைக் கணக்கில் சேர்க்காமலே செய்யத் தகுந்தவை உண்டென்பது புறநானூற்றுக் காலத்துக்கே தெரிந்திருக்கிறது. அப்பாவின் உயிர் எங்கே போனது என்பது எனக்குத் தெரியாது. கருமாதி நாளில் அம்மாவுக்கும் அக்காவுக்கும் நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது தெரிந்தது. செய்தேன். பிண்டம் வைக்கும்போது சொல்லச் சொன்னதைச் சொன்னேன். அம்மாவிடம், எனக்கு நம்பிக்கை வந்துவிட்டதாக நினைத்துக்கொள்ள வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லியும் வைத்தேன். ‘உன்னை யாரு நம்பச் சொன்னா, தண்ணியை ஊத்து’ என்றார்.

அந்த வாரம் வீட்டைத் தாங்கியது தோட்டத்து மரண உதவிச் சங்கம். மாதம் ஒரு சிறு தொகை கட்டும் குடும்பங்கள் சேர்ந்து நடத்துவது அது. சாவு விழுந்தால் பெட்டி, கூடாரம், கதிரை, மூன்று நாள் தேயிலையும் சீனியும் சங்கம் கொடுக்கும், குழி வெட்ட ஆள் வரும். இறந்தவர் எந்தச் சாமியைக் கும்பிட்டார் என்று சங்கத்தின் விதிகளில் எங்கும் கேட்கவில்லை. சபைக்குப் போகும் குடும்பங்களும் அதில் உறுப்பினர்கள். மூன்று ஆண்டுகளாக நான் அதன் பொருளாளர். கொப்பியில் பெயர்களை எழுதும்போது, தேவாரம் பாடிக் கூட்டத்தைத் தொடங்கும் வழக்கத்தை மாற்ற வேண்டுமென்று நான் இதுவரை சொல்லவில்லை. பாடும்போது எல்லோரோடும் எழுந்து நிற்கிறேன். கூட்டம் கோயில் மண்டபத்தில் நடக்கிறது. தோட்டத்தில் வேறு மண்டபம் இல்லை.